அடிக்கறதுக்கு முன்னால ஒரு படம் எடுங்க

தோட்டத்தில் தேளைப் பார்த்தால் நாம் முதலில் தேடுவது செருப்பை. செடியில் பேர் தெரியாத புழுவைப் பார்த்தால் தேடுவது தெளிப்பானை. தெளிப்பானுக்குள் இருப்பது கடை மருந்தாக இருக்கலாம், நாமே அரைத்த இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசலாக இருக்கலாம். எதிரில் இருப்பது யார் என்று தெரியாமலே அடிக்கிறோம் என்பதில் இரண்டும் ஒன்றுதான். அடிப்பதற்கு முன்னால் குனிந்து, கிட்டத்தில் ஒரு படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்ப்பது என்று ஒரு வேலை இருக்கிறது. இரண்டு நிமிஷ வேலை. என் தோட்டத்தில் இது பல மருந்துச் செலவைத் தவிர்த்திருக்கிறது. அதைப் பற்றி இந்த இதழ் நண்பர்களோடு பேசலாம் என்று நினைக்கிறேன்.

நான் 34 வருஷம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது உடுமலைப் பக்கம் ஆறு ஏக்கர். நாலு ஏக்கர் தென்னை, மீதியில் மக்காச்சோளம், காய்கறி, வரப்போரம் கொஞ்சம் பப்பாளி. ரசாயனத்தை நிறுத்தி ஏழு வருஷம் ஆகிறது. கேமரா எனக்குத் தொழில் இல்லை. மகள் வாங்கிக் கொடுத்த, செல்போனில் மாட்டும் ஒரு சின்னக் கண்ணாடியில் ஆரம்பித்த பழக்கம் இது.

மூடாக்கு போட்டால் தேள் வருமா?

வரும். இதை மறைத்துப் பேசிப் பயனில்லை. தென்னை மட்டையையும் உரிமட்டையையும் பரப்பினால் கீழே ஈரம் நிற்கும். ஈரத்துக்குக் கரையானும் பாச்சையும் சில்வண்டும் வரும். அவற்றைத் தின்னத் தேள் வரும். மூடாக்கு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

ஆனால் அந்த மட்டைக்குள் கை விடுகிறவர்கள் நம் தோட்டத்து வேலையாட்கள். என் தோட்டத்தில் களை எடுக்க வரும் ஓர் அக்கா ஒருநாள் நேராகவே சொல்லிவிட்டார்:

"ஏனுங்க சார், மட்டையப் பூரா பரப்பி வெச்சுப்போட்டீங்க. அதுக்குள்ள தேளு குடியிருக்குதுங்க. கொட்டிப்போட்டா கூலி குடுப்பீங்களா, உசுரு குடுப்பீங்களா?"

நியாயமான கேள்வி. நம்மில் பல பேர் மூடாக்கைக் கைவிடுவதற்கு இந்தப் பயம் ஒரு காரணம். சில பேர் மூடாக்கு மேலேயே பூச்சி மருந்துத் தூளைத் தூவிவிடுகிறார்கள். அப்புறம் மண்புழு எங்கிருந்து வரும்? மூடாக்கும் வேண்டும், ஆளுக்கும் ஆபத்து வரக் கூடாது என்றால் முதலில் ஒன்று தெரிய வேண்டும். நம் தோட்டத்தில் எந்தத் தேள், எங்கே, எத்தனை இருக்கிறது?

கள்ள நோட்டு விளக்கு

வங்கியில் காசாளர் மேசையில் ஊதா விளக்கு ஒன்று இருக்கும். ரூபாய் நோட்டை அதன் கீழே காட்டினால் எண்கள் ஒளிரும், தாளுக்குள் இருக்கும் இழைகள் மின்னும். கள்ள நோட்டு சாதாரணத் தாளில் அடித்ததாக இருந்தால் மொத்தத் தாளும் வெளேரென்று தெரியும். அதே புறஊதா ஒளியில் தேளும் ஒளிரும். இருட்டில் அந்த டார்ச்சை அடித்தால் கண்ணுக்கே தெரியாமல் மட்டையோடு மட்டையாகக் கிடந்த தேள், பச்சையும் நீலமும் கலந்த நிறத்தில் பளிச்சென்று தெரியும். பத்தடி தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம்.

தேளின் மேல் தோலில் இருக்கும் சில வேதிப்பொருட்கள்தான் இதற்குக் காரணம். பீட்டா கார்போலின் அவற்றில் ஒன்று. புதிதாகச் சட்டை உரித்த தேள் உடனே ஒளிராது. தோல் இறுக இறுகத்தான் ஒளிரும். உரித்துப் போட்ட சட்டையும் ஒளிரும். அருங்காட்சியகத்தில் பல வருஷமாகப் பாட்டிலில் ஊறும் தேளும் ஒளிரும். இந்த ஒளியால் தேளுக்கு என்ன லாபம் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. நமக்கு லாபம் இருக்கிறது, அது போதும்.

டார்ச் விலை சில நூறு ரூபாய்தான். வாங்கும்போது அலைநீளம் 365 நானோமீட்டரா, 395ஆ என்று கேளுங்கள். 395இல் ஊதா வெளிச்சமும் சேர்ந்து அடிக்கும், தேள் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். 365இல் தெளிவாகத் தெரியும். எதுவானாலும் ஒளியை நேராகக் கண்ணில் அடிக்கக் கூடாது, பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்கவும் கூடாது.

இருட்டிய பிறகு பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு சாதாரண டார்ச்சையும் எடுத்துக்கொண்டு, இரண்டு பேராகத் தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். பாம்பு ஊதா விளக்கில் தேள் மாதிரித் தெரியாது, அதனால் சாதாரண டார்ச் கட்டாயம். தேள் தெரிந்த இடத்தை எல்லாம் நோட்டில் குறியுங்கள். நான்கைந்து ராத்திரி நடந்தால் ஒரு வரைபடமே கிடைத்துவிடும். என் தோட்டத்தில் தேள் அதிகம் தெரிந்தது தென்னை மூடாக்கில் இல்லை. பழைய கல்லுக்கட்டு வரப்பிலும், மோட்டார் ரூம் ஓரத்தில் குவித்து வைத்த ஓட்டுச் சில்லிலும்தான்.

அந்த வரைபடத்தை வைத்துச் சில ஏற்பாடு செய்தோம். ஓட்டுக் குவியலை மோட்டார் ரூமிலிருந்து தூரமாக மாற்றினோம். ஆள் அடிக்கடி கை வைக்கும் இடத்தில், தென்னைத் தூரைச் சுற்றி மூன்றடிக்கு மட்டை போடுவதில்லை, வெறும் இலைதழைதான். மட்டையைப் புரட்டக் கையை விடுவதில்லை, கவைக்கோல்தான். பூட்ஸையும் செருப்பையும் உதறிவிட்டுத்தான் காலில் போடுவது. கேள்வி கேட்ட அக்காவையும் ஒரு ராத்திரி கூட்டிப் போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "இத்தன நாளு இதுக்கு நடுவுலயா சார் நடந்தோம்?" என்றார். பயம் போய்விடவில்லை. ஆனால் எங்கே பயப்பட வேண்டும் என்று இப்போது அவருக்குத் தெரியும். மூடாக்கும் தொடர்கிறது.

எல்லாத் தேளும் ஒன்றா?

இங்கேதான் கிட்டத்துப் படம் உதவுகிறது. தேளைப் படம் எடுத்தால் இரண்டு இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: முன் கொடுக்கு, பின் வால்.

முன் கொடுக்கு நண்டுக்கு இருப்பது போலப் பருமனாகவும் வால் ஒல்லியாகவும் இருந்தால், அது பெரும்பாலும் கொடுக்கின் பலத்தில் வாழும் தேள். நாம் நட்டுவாக்காலி என்று சொல்லும் பெரிய கருந்தேள் இந்த ரகம். பார்க்கத்தான் பயங்கரம். கொட்டினால் கடுமையாக வலிக்கும், ஆனால் உயிருக்கு ஆபத்து அரிது. முன் கொடுக்கு ஒல்லியாகவும் வால் பருமனாகவும் இருந்தால் எச்சரிக்கை. அது விஷத்தின் பலத்தில் வாழ்வது. நம் செந்தேள் இந்த ரகம்.

செந்தேளுக்கு அறிவியல் பெயர் ஹொட்டென்டோட்டா டாமுலஸ். 'டாமுலஸ்' என்ற பெயர் 1798இல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் வைத்தது. அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் நம் மொழியை 'டாமுல்' என்றுதான் எழுதினார்கள். உலகின் ஆபத்தான தேள்களில் ஒன்று நம் பெயரை வைத்துக்கொண்டு திரிகிறது.

இது கொட்டினால், அதிலும் குழந்தைகளைக் கொட்டினால், வலியோடு நிற்காது. வியர்த்துக் கொட்டுவது, வாந்தி, கை கால் சில்லிட்டுப் போவது, நெஞ்சு படபடப்பது என்று போய் இதயத்தையும் நுரையீரலையும் பாதிக்கும். மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற மலிவான மாத்திரை இதற்குக் கைகொடுக்கும் என்று காட்டினார். அதற்கப்புறம் செந்தேள் கடிச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு, வந்த நோயாளிகளைக் கவனித்துக் கவனித்தே அவர் இதைக் கண்டுபிடித்தார் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

மாத்திரையை நாமே வாங்கிக் கொடுக்கக் கூடாது. அளவு பார்த்துக் கொடுக்க வேண்டியவர் மருத்துவர். நம் வேலை, கட்டுப் போடாமல், கீறாமல், மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. கொட்டிய தேள் தூரத்தில் நின்றால் ஒரு படம் எடுத்துக்கொண்டு போகலாம். அதைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டுக்குள், படுக்கும் திண்ணையில், மாட்டுத் தொழுவத்தில் வரும் செந்தேளை விட்டுவையுங்கள் என்று நான் உபதேசம் செய்யமாட்டேன். ஆள் புழங்கும் இடத்தில் ஆள்தான் முக்கியம். வரப்புக் கல்லுக்கு அடியில் இருப்பதை எதற்குத் தேடிப் போய் அடிக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

முதுகில் பிள்ளைகள்

தேள் குட்டி போட்டதும் குட்டிகள் தாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வரும், தாயையே தின்றுவிடும் என்று சின்ன வயதில் நாம் கேட்டிருக்கிறோம். உண்மையில் தேள் முட்டையிடாது, குட்டிதான் போடும். குட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். முதல் சட்டை உரிக்கும் வரை அங்கேயேதான் இருக்கும். தாய் அவற்றைச் சுமந்துகொண்டே திரியும். சட்டை உரித்த பிறகுதான் இறங்கித் தனித்தனியாகப் போகும். வயிறு ஒட்டி, முதுகு முழுக்கக் குட்டியோடு நிற்கும் தாயைப் பார்த்தவர்கள் தின்கிறது என்று நினைத்திருக்கலாம்.

இந்தக் காட்சியை ஊதா விளக்கில் படம் எடுத்தால் தாய் மட்டும் பச்சையாக ஒளிரும். முதுகில் இருக்கும் குட்டிகள் அரிசிமணி மாதிரி வெளுப்பாக, ஒளிராமல் தெரியும். தோல் இன்னும் இறுகாத பிள்ளைகள். தேள் இனம் இந்தப் பூமிக்கு வந்து 43 கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. நெல்லும் புல்லும் வருவதற்கு எவ்வளவோ முன்னால் வந்தது.

தேளை உட்கார்ந்து பார்ப்பதற்கு முன்னோடி ஒருவர் உண்டு. பிரான்சில் ஷான் ஹென்றி ஃபாபர் என்ற ஆசிரியர் 1879இல், தன் 55ஆவது வயதில், செரிஞான் என்ற ஊரில் கல்லும் முள்ளுமான ஒரு நிலத்தை வாங்கினார். விவசாயத்துக்கு ஆகாது என்று மற்றவர்கள் விட்ட மண். அவருக்கு அங்கே இருந்த பூச்சிகள்தான் விளைச்சல். கண்ணாடிப் பெட்டி வைத்துத் தேள்களின் வாழ்க்கையை ராத்திரி ராத்திரியாகப் பார்த்து எழுதினார். ஓய்வு பெற்ற பிறகு நிலம் வாங்குகிற என்னைப் போன்றவர்களுக்கு அவர் ஒரு தைரியம்.

எதை வைத்து எடுப்பது?

பெரிய கேமரா வேண்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். செல்போன் கேமரா மேல் மாட்டும் மேக்ரோ கண்ணாடி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சில போன்களில் மேக்ரோ வசதி உள்ளேயே இருக்கிறது. இலை, முட்டை, அசுவினி, மாவுப்பூச்சிக்கு இது போதும்.

ஆனால் கிளிப் கண்ணாடியில் பூச்சிக்கு மூன்று, நாலு சென்டிமீட்டர் வரை கிட்டப் போக வேண்டும். தேளுக்கும் குளவிக் கூட்டுக்கும் இது ஆகவே ஆகாது. தேளை ஓரடியாவது தள்ளி நின்று, போனில் ஜூம் செய்து எடுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் 90 அல்லது 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் போட்டால் தள்ளி நின்றே நன்றாக எடுக்கலாம். பழைய லென்ஸ் கையில் இருந்தால் ரிவர்ஸ் ரிங் வாங்கி அதைத் திருப்பி மாட்டினாலும் மேக்ரோ ஆகிவிடும். அதுவும் கிட்டப் போக வேண்டிய ரகம், பூச்சிக்கு மட்டும்.

சில கைப்பழக்கங்கள்:

* விடியற்காலையில் எடுங்கள். குளிரில் பூச்சிகள் மந்தமாக இருக்கும், பனித்துளியோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும். வெயில் ஏறினால் பறந்துவிடும், காற்றும் வந்துவிடும்.
* கிட்டத்தில் எடுக்கும்போது தெளிவாக விழும் ஆழம் நூல் கனம்தான். அதனால் பூச்சியின் கண்ணுக்குக் குறி வையுங்கள். கேமராவில் எஃப் 8, எஃப் 11 என்று வைத்தால் கொஞ்சம் ஆழம் கூடும்.
* மூச்சை அடக்கி, முழங்கையை நெஞ்சோடு ஒட்டி, உடம்பை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துக் குறி பாருங்கள். பத்துப் படம் எடுத்தால் ஒன்று தேறும்.
* ஃபிளாஷ் நேராக அடித்தால் வண்டின் முதுகு கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். முன்னால் வெள்ளைத் தாளோ பட்டர் பேப்பரோ பிடித்தால் வெளிச்சம் மெத்தென்று விழும்.
* ஊதா விளக்கில் எடுக்கும்போது ஃபிளாஷை அணைத்து, போனை முக்காலியில் நிறுத்தி, புரோ மோடில் இரண்டு மூன்று விநாடி திறந்து வையுங்கள். தேள் பெரும்பாலும் அசையாமல் நிற்கும். ஒன்றிரண்டு படத்தோடு விளக்கை அணைத்துவிடுங்கள். ரொம்ப நேரம் அடித்தால் அதற்கும் தொந்தரவு.

படம் சொன்ன கணக்கு

இனி நம் பயிருக்கு வருவோம். எங்கள் பகுதியில் 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. ஓலை அடியில் சுருள் சுருளாக வெள்ளை மெழுகோடு முட்டை, மேல் ஓலையில் கரும்பூசணம். பார்த்தவர்கள் எல்லாம் பயந்துபோய் மருந்து அடித்தார்கள். ஒரு கடையில் எனக்கும் மூன்று மருந்தை ஒன்றாகக் கலந்து அடிக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

சீட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு ஓலையைப் படம் எடுத்தேன். மெழுகை மெதுவாக ஒரு பெயிண்ட் பிரஷ்ஷால் தள்ளிவிட்டுப் பார்த்தால் கூட்டுப்புழுக்கள் வரிசையாகத் தெரியும். வெள்ளை ஈ வெளியே வந்த கூட்டில் ஆங்கில 'டி' எழுத்து மாதிரி ஒரு வெடிப்பு இருக்கும். என்கார்சியா என்ற குட்டிக் குளவி உள்ளே வளர்ந்து வெளியே வந்திருந்தால் வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும். குளவி உள்ளே இருக்கும் கூடு கறுத்துப் போயிருக்கும். வெறும் கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, படத்தில் எண்ணிவிடலாம். என் ஓலைகளில் வட்ட ஓட்டையும் கறுத்த கூடும் வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே வந்தது. கடை மருந்து அடித்திருந்தால் முதலில் செத்திருப்பது அந்தக் குளவிதான். வேளாண் விஞ்ஞானிகளும் இந்த ஈக்கு ரசாயனம் அடிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, கரும்பூசணத்துக்குக் கஞ்சித் தண்ணீர் தெளித்து, மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டி, பொறுத்திருந்தோம்.

பப்பாளி மாவுப்பூச்சிக் கதையும் இதே மாதிரிதான். 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தெரிந்து, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவியது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் என்ற குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகு அடங்கியது. அந்த மாவுக்குள் கிட்டத்தில் படம் எடுத்துப் பாருங்கள். மாவைத் தன் மேலேயே பூசிக்கொண்டு மாவுப்பூச்சியைத் தின்னும் ஒரு கம்பளிப்புழு இருக்கலாம். ஸ்பால்ஜிஸ் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அது. அதன் கூட்டுப்புழு அச்சு அசல் குரங்கு முகம் போலவே இருக்கும். பேரப்பிள்ளைகளுக்குக் காட்டினால் அப்புறம் அவர்களே தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும். அதன் புழுவைத் தெரியாது. கறுப்பும் ஆரஞ்சுமாக, குட்டி முதலை மாதிரி இருக்கும். அசுவினி நடுவில் அதைப் பார்த்துவிட்டு, 'புதுசா ஒரு புழு விழுந்திருச்சு' என்று மருந்து அடிப்பவர்கள் உண்டு. தாய் வண்டைக் கும்பிட்டுவிட்டுப் பிள்ளையைக் கொல்வதுதான் அது. இலையில் தலைமுடி மாதிரிக் காம்பின் நுனியில் ஒரு முட்டை நின்றால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. அதுவும் நம் கட்சி.

எதிரியையும் படம் காட்டிக்கொடுக்கும். மக்காச்சோளக் குருத்தில் இருக்கும் புழு 2018இல் இந்தியாவுக்குள் வந்த அமெரிக்கப் படைப்புழுவா, வேறு புழுவா? தலையைப் பெரிதாக்குங்கள். தலைகீழ் 'ஒய்' மாதிரி வெளிர் கோடு இருக்கும். வால் பக்கம் நாலு கரும்புள்ளி சதுரமாக இருக்கும். இரண்டும் இருந்தால் அதுதான். காத்திருக்காமல் அன்றைக்கே வேலையைத் தொடங்கலாம்.

நோட்டுப் போடுங்க

வங்கிக்காரன் புத்தி, கடைசியில் பேரேட்டுக்குத்தான் வரும். ஒவ்வொரு படத்துக்கும் தேதி, பயிர், தோட்டத்தில் எந்த இடம், எத்தனை இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் ஒன்று, செடியோடு ஒன்று என்று நாலு படம் எடுங்கள். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்கேலை வையுங்கள். பேர் தெரியாவிட்டால் இந்த நாலு படத்தை வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டினால் சொல்வார்கள். ஒரு வருஷம் எழுதினால், எந்த மாசம் எது வரும், அதைத் தின்ன எது எத்தனை நாள் கழித்து வரும் என்று உங்கள் தோட்டத்துக்கே ஒரு பஞ்சாங்கம் கிடைக்கும். இது விலை கொடுத்து வாங்க முடியாத ஒன்று.

படத்துக்காக எதையும் வதைக்காதீர்கள். அசையாமல் இருக்கட்டும் என்று பூச்சியைப் பிரிட்ஜில் வைப்பது, பசை போட்டு ஒட்டுவது எல்லாம் சிலர் செய்கிற வேலை, நமக்கு வேண்டாம். புரட்டிய கல்லைப் புரட்டிய மாதிரியே மெதுவாகத் திருப்பி வையுங்கள். அதுதான் அதன் கூரை.

இந்த வாரமே ஒரு விடியற்காலையில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் தோட்டத்தில் அதிகம் தொல்லை கொடுக்கும் செடி ஒன்றின் முன்னால் உட்கார்ந்து இலை அடியைப் பத்துப் படம் எடுங்கள். பெரிதாக்கிப் பார்த்து, தின்பது எத்தனை, தின்பதைத் தின்பது எத்தனை என்று எண்ணுங்கள். தெளிப்பானை எடுக்கலாமா வேண்டாமா என்பதை அந்த எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.